சட்டவிரோதக் கட்டளை

வண்ணார்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி.
ஆனி மாதம். ஜன்னலை அடைத்தும்
காகிதங்கள் ஒன்றையொன்று புரட்டிப் படிக்கின்றன.

ஐம்பத்தொரு நிமிடம்
ஒரு நாளின் காற்றைச் சொல்ல.
நாளைக்குத் தொண்ணூற்றாறு கால்மணிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
தப்பினால் அபராதம்.

கம்பைலரிடம் அதுவரை
யார் வீட்டுக்குப் போகிறாய் என்று நான் சொன்னதில்லை.
அது பாவம், மேடையில் பேசுவதுபோல் பேசிவந்தது,
பதினைந்து வருஷத்துப் பழைய சில்லும்
நேற்று வாங்கியதும்
ஒன்றுபோலத் தலையாட்டும்படி.

அன்றைக்கு ராத்திரி ஒரு ஃபிளாக் சேர்த்தேன்.
மார்ச் நேட்டிவ்.
மார்ச் என்றாலும் மாதமல்ல.
எந்த இயந்திரத்தில் இருக்கிறாயோ
அதன் பேச்சிலேயே பேசு என்பது.

நாலு நாலாய் எண்களை அள்ளிய கை
எட்டெட்டாய் அள்ளியது.
பெருக்கிக் கூட்டுவதை ஒரே எட்டில் முடித்தது.
இருபத்திரண்டு நிமிடம்.
நம்பாமல் மறுபடி ஓட்டினேன். இருபத்திரண்டு.
கீழே டீக்கடை திறந்திருந்தால்
யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் பென் டிரைவை உறையிலிட்டு
ராதாபுரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.
காற்றுக்கம்பத்தின் கணக்கெல்லாம் விழுகிற டப்பா
அங்கேதான் இருக்கிறது.
இணையத்தை நம்புவதற்கில்லை,
காற்றைப் பற்றிய சேதியைக் காற்றே அறுத்துவிடும்.
'பழையதை அழித்துவிட்டு இதை வையுங்கள்'
என்று உறைமேல் எழுதியதும் நான்தான்.

விடிகாலை நாலு பத்துக்கு ஞானதிரவியம்.
“மேடம், ஓட மாட்டக்கு.
ஒரு வரிதான் காட்டுது, வாசிக்கட்டா?
இல்லீகல்... இன்ஸ்ட்ரக்‌ஷன்.
அப்படின்னா சட்டவிரோதமா மேடம்?
நான் ஒண்ணையும் தொடலயே.”
அவர் குரலுக்குப் பின்னால்
இறக்கைகள் இருட்டை அரிந்துகொண்டிருந்தன.

தொட்டது நான்.
என் மேஜைச் சில்லின் பேச்சை
அந்தக் கிழட்டு டப்பாவிடம் பேசச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.
எட்டை அள்ளு என்றதும்
தன் நாலு விரலைப் பார்த்திருக்கும்.
தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் சமாளிக்கிற பழக்கம்
அதற்கு இல்லை. நின்றுவிட்டது.
எனக்கு உண்டு அந்தப் பழக்கம்,
சென்னையில் ஆறு வருஷம்.

நல்லவேளை, மூலநிரலும் உறையில் இருந்தது.
“அங்கேயே கட்டிருவோம் அண்ணாச்சி.”
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
“மைனஸ். ஒட்டி எம்.”
“எம்.”
“இடம் விடாதீங்க.”
“விடல.”
“கடைசியா ஈக்வல் போட்டு நேட்டிவ்.”
“நேட்டிவுன்னா சொந்த ஊருல்லா?”
“ஆமா.”
“இது கோயமுத்தூர்ல வாங்குனது மேடம்.”

கட்டி முடிக்க ஒன்பது நிமிடம்.
ஓடி முடிக்க எழுபத்தொன்று.
முன்பெல்லாம் அங்கே எண்பது ஆகும்.
மிச்சம் பிடித்த ஒன்பதும்
கட்டின ஒன்பதுக்குச் சரியாய்ப் போயிற்று.
ஆறு மணிக்குக் கெடு. ஐந்து நாற்பத்தைந்துக்கு
“போயிட்டு மேடம்” என்றார்.
நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

பிறகு ஒருநாள் அதே கணக்கை
இரண்டு இயந்திரத்திலும் ஓட்டிப் பார்த்தேன்.
ஆறாவது தசமத்தில் பிரிந்தன.
பெருக்கியதும் ஒருமுறை, கூட்டியதும் ஒருமுறை
எனத் துணுக்கை உதறியது ஒன்று.
கடைசியில் மட்டும் உதறியது மற்றது.
எது சரி என்று கேட்க
ஆரல்வாய்மொழிக் கணவாயில் வருகிறவன்தான் இருந்தான்.

அவனோ அன்றைக்குப் பத்து மணிக்கே ஓய்ந்துவிட்டிருந்தான்.
பதினொன்று புள்ளி நாலு என்று
இரண்டும் ஒரே வாயாகச் சொல்லியிருந்த கால்மணியில்
பனங்கருக்குகூட அசையவில்லையாம்.
அபராதம் வந்தது.
இறக்கைகள் நின்ற பிறகு
வெகுநேரம் காதில் இரைச்சல் இருந்ததாகச் சொன்னார்
ஞானதிரவியம்,
தோசை ஆறிப்போயிருந்ததாகவும்.